பாம்புக் குழியைச் சுற்றிய சுவர்

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், குற்றாலத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பும் சாலையில், சாரலில் நனைந்தபடி என் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு லாரி வந்தது. அதற்கடுத்து எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு முதுகெலும்பு.

மதுரையில் ஒரு டாக்டர் என் பாதத்தில் ஊக்கால் குத்திக் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கணுக்கால், முழங்கால், தொடை என்று மேலே வந்துகொண்டே இருந்தார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தபோதுதான் தெரிந்தது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு நாலைந்து நாள் அழியாமல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அழுகை வரவில்லை. அழ வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரிகள் எதிர்பார்த்தார்கள். எனக்கு அந்தக் கோடு எப்போது அழியும் என்பதில்தான் கவனம் இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் ஆசிரியை. கணவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "நல்லவேளை, பிள்ளைங்க இல்ல" என்றார்கள். அதற்கு முந்தைய மாதம்வரை இதே ஆட்கள் பிள்ளை இல்லையே என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

சக்கர நாற்காலி கொல்லத்திலிருந்து ரயிலில் செங்கோட்டைக்கு வந்தது. கணவர் வேன் எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். இரும்பு நாற்காலி, கனமானது, பச்சை பெயின்ட் அடித்தது. வீட்டு வாசல்படிக்கு மேல் ஒரு பலகை போட்டார். மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுவதற்குச் சார்த்துகிற பலகை அது. வெங்காய வாசனை அதிலிருந்து போகவே இல்லை.

ஸ்கூட்டரை அவர் விற்றுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் அது நிற்கும் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சாலையைப் பற்றியோ லாரியைப் பற்றியோ நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காலையில் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பார். சாயங்காலம் தூக்கிக் கட்டிலில் விடுவார். இடையில் "சாப்பிட்டியா", "மருந்து குடிச்சியா". நான் "ம்" என்பேன். சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்கு எங்கள் இருவருக்குள்ளும் எதுவும் அசையவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துத் தலைமையாசிரியை என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். என் வகுப்புகளை எல்லாம் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார். பாடம் நடத்துவதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. தவளையின் இதயத்துக்கு மூன்று அறை, கரப்பான்பூச்சியின் ரத்தம் நிறமற்றது என்று சொல்லிக்கொண்டே போகலாம். என் குரலை நானே வேறு யாருடைய குரலையோ போலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

குற்றாலத்தில் அப்போது ஒரு சின்னப் பூங்கா இருந்தது. இன்று அது இல்லை. ஒரு பக்கம் புள்ளிமான்கள், கூண்டுகளில் கொஞ்சம் குரங்குகள், மயில், உடும்பு. நடுவில் ஒரு மேடையும் அதில் வட்ட வட்டமாக மூன்று பாம்புக் குழிகளும். வருடத்துக்கு ஒரு தடவை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். விபத்துக்கு முன்னால் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். குழிச் சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்தபடி, எது சாரை, எது நல்லபாம்பு, எது கண்ணாடி விரியன் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

திரும்பி வேலைக்கு வந்த வருடமும் பிள்ளைகள் கேட்டார்கள். "டீச்சர், நீங்க வராம நாங்க போயி என்னத்தப் பாக்க? பாம்புக்குப் பேரு கூடத் தெரியாது." நான் சரி என்றேன். மறுப்பதற்கும் எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அதைத் தேட அலுப்பாக இருந்தது.

பூங்கா வாசலில் இரும்புச் சுழல் கதவு. ஒரு ஆள் மட்டும் இடுப்பை ஒடுக்கி நுழைகிற மாதிரி. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுற்றிச் சுற்றி உள்ளே போனார்கள். என் நாற்காலி அதன்முன் நின்றது. டிக்கெட் கொடுப்பவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒரு ஆள் வருவார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பாம்புகளையும் மான்களையும் பார்த்துக்கொள்கிற காவல்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்காரர், காக்கி டிராயர், இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். முந்தைய வருடங்களிலிருந்தே அவருக்கு என்னைத் தெரியும். உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"டீச்சரம்மாவா? ஐயோ, இந்த வழி வேண்டாம். பின்னால தழை வண்டி வருத கேட்டு இருக்கு. அத தொறந்து விடுதேன், வாங்க."

மான்களுக்குத் தழை கொண்டுவரும் வண்டிக்கான கதவு பூங்காவைச் சுற்றிக்கொண்டு போனால் பின்புறம் இருந்தது. சாணியும் சேறுமாகக் கிடந்த வழி. இரண்டு மாணவிகள் தள்ளினார்கள். அப்படித்தான் உள்ளே போனேன்.

அடுத்தது பாம்பு மேடை. மழைத் தண்ணீர் தேங்காமல் இருப்பதற்காக மேடையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஐந்து படிகள். காவல்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர், டிக்கெட் கொடுப்பவர், அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த முன்பின் தெரியாத ஒருவர், நான்கு பேருமாக நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். நான் பின்னுக்குச் சாய்ந்து வானத்தைப் பார்த்தபடி மேலே போனேன். சேலை விலகாமல் இருக்க இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் யாரோ, "அம்மன் சப்பரம் போகுதுல" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு வயதான அம்மாள் நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான்கு பேரும் மூச்சு வாங்க நாற்காலியைக் குழியை ஒட்டி இறக்கி வைத்தார்கள்.

என் முன்னால் இருந்தது சுவர். சிமெண்ட் பூசிய, பாசி படர்ந்த வட்டச் சுவர். நிற்கிற ஆளுக்கு அது நெஞ்சளவு. எனக்கு அது தலைக்கு மேலே கால் சாண். பாம்பு ஒன்றுமில்லை, சுவர்தான். இரு பக்கமும் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாவாடைகளும் ஜடைகளும் தெரிந்தன.

ஐந்து படியைப் பற்றி எல்லோரும் யோசித்தோம். சுவரைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை, விபத்துக்கு முன்னால் வருடா வருடம் அதில் கையூன்றி நின்ற நான் உட்பட.

தூக்கி வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார்கள். ஈரத் துண்டுக்காரர் கேட்டார்: "நல்லா தெரியுதாம்மா?"

"தெரியுது" என்றேன்.

ஒரு மாணவி திரும்பி, "டீச்சர், ஒண்ணு சுருண்டு கெடக்கு. உடம்பெல்லாம் வட்டம் வட்டமா இருக்கு. அது என்ன?" என்றாள்.

"கண்ணாடி விரியன். முதுகில் மூன்று வரிசையாக அந்த வட்டங்கள் இருக்கும், பார். தலை முக்கோணமாக இருக்கும். சீறினால் குக்கர் மாதிரி சத்தம் வரும்." சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அரைமணி நேரம் மூன்று குழிகளையும் அப்படியே நடத்தி முடித்தேன். பிறகு அந்த நான்கு பேரும் மறுபடி வந்து என்னை இறக்கினார்கள்.

வீட்டில் கணவர், "பாம்பெல்லாம் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்காகவே அந்தப் பொய்யை நான் பின்னால் திருத்தவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பூங்கா அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை. பரிசோதனைக் குறிப்பு எழுதுகிற மாதிரி எழுதினேன். வாசல் கதவு குறுகலானது, மேடைக்குச் சாய்தளம் இல்லை, குழிச் சுவர் உயரம். மூன்று வரியில் பதில் வந்தது, நேரில் வரவும் என்று. போனால் அவருடைய அலுவலகம் மாடியில். காவல்காரர் மேலே போய்ச் சொல்ல, அதிகாரி தானே கீழே இறங்கி வந்தார். வடக்கத்திப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மரியாதையான மனிதர். எனக்காக ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி, பிறகு நான் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைக் கவனித்து, தானே அதில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா, உங்கள மாதிரி வருஷத்துக்கு எத்தன பேர் வர்றாங்க? ஒருத்தர் ரெண்டு பேருக்காக மேல எழுதினா, கேள்வி கேப்பாங்க."

எனக்கு அந்தக் கேள்வி தப்பாகப் படவில்லை. விடை தெரியாத கேள்வி, அவ்வளவுதான். விடை தெரியாவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சீசனில், கூட்டம் நெரிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் என்னை வேனில் கொண்டுவந்து பூங்கா வாசலில் டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் விட்டார். "இங்கன இருந்து என்ன செய்யப்போற?" என்று கேட்டார். "சும்மா பாக்கப்போறேன்" என்றேன். குடையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் நாற்காலியில் மாட்டிவிட்டு, எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க அவர் அங்கிருந்து நகரவில்லை.

நான் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டேன். வாசலில் திரும்பிப் போகிறவர்களையும், உள்ளே போய், வேலிக் கம்பி வழியே எனக்குத் தெரிந்த மேடைப் படி முன் நின்றுவிடுகிறவர்களையும் எழுதத் தொடங்கினேன்.

யானைக்கால் வீங்கிய ஒருவர் சுழல் கதவுக்குள் காலை நுழைக்கப் பார்த்து, முடியாமல், மகன் குடும்பத்தை உள்ளே அனுப்பிவிட்டு வேலியோரம் காலை நீட்டி உட்கார்ந்தார். நிறைமாசக் கர்ப்பிணி ஒருத்தி கதவைப் பார்த்ததுமே, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று புருஷனிடம் சொன்னாள். வீரகேரளம்புதூரிலிருந்து வந்த ஒரு தாய், போலியோ வந்த பத்து வயது மகளை இடுப்பில் வைத்திருந்தாள். மகளின் கால்கள் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கதவுக்குள் இரண்டு பேருமாக மாட்டிக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் சத்தம் போட, பின்வாங்கி வெளியே வந்தார்கள். அவள் என்னிடம், "நீங்களும் உள்ள போவலையாக்கா?" என்று கேட்டாள். நான் தழை வண்டிக் கதவைச் சொல்லிக் கொடுத்தேன். மூட்டுவலிக்காரர்கள் படி முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாம்புதானே, வயல்ல பாக்காததா" என்று சொல்லித் திரும்பினார்கள். சின்னப் பிள்ளைகளை எல்லாம் அப்பாக்கள் சுவருக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்தவன் ஒன்றைத் தூக்கும்போது மற்றது சுவரை அடித்துக்கொண்டு அழுதது. அதையும் எழுதினேன். சுவர் அவர்களுக்கும் உயரம்தானே.

மதியத்துக்கு மேல் கண் தெரியாத ஒருவர் மகளின் தோளைப் பிடித்தபடி வந்து டிக்கெட் வாங்கினார். டிக்கெட் கொடுப்பவர் தயங்கி, "உமக்கு எதுக்குவே?" என்றார். அவர், "சத்தம் கேக்கலாம்லா" என்றார். நானும் காவல்காரரைக் கேட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனேன், அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க.

அவர் மயில் கூண்டு முன்னால் வெகுநேரம் நின்றார். பாம்பு மேடையில் மகள், "இங்கன ஒண்ணும் சத்தம் இல்லப்பா" என்றாள். படிகளுக்குக் கீழே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது காவல்காரர் தன் அறைக்குப் போய் எதையோ எடுத்துவந்தார். சாரைப்பாம்பு உரித்துப் போட்ட சட்டை. கிழியாமல், ஆள் உயரத்துக்கு முழுசாக இருந்தது.

"கையக் கொடுங்க அண்ணாச்சி. பயப்படாதீய, உசுரு இல்ல. இது தலப்பக்கம். இங்கன கண்ணு இருந்த எடம், வெரல வச்சுப் பாருங்க."

அந்த மனிதர் தலையிலிருந்து வால்வரைக்கும் விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். வயிற்றுப் பக்கத்துச் செதில்கள் அகலமாக, முதுகுப் பக்கத்தில் சின்னச் சின்னதாக இருப்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். "மேலயும் கீழயும் வேற வேறயா இருக்கு" என்றார். ஏழெட்டு வருடம் பாம்பு நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவிகூட அதைத் தானாகக் கவனித்துச் சொன்னதில்லை.

அவர்கள் போன பிறகு காவல்காரர் அந்தச் சட்டையை என் கையிலும் கொடுத்தார். வெங்காயத் தோல் மாதிரி, அதைவிட மெல்லிசு. என் விரல்களுக்கு எல்லாமே நன்றாகத் தெரிந்தது. அது எனக்கு விசித்திரமாக இருந்தது. உடம்பு முழுக்கவே செத்துவிட்ட மாதிரி இருந்துவந்திருக்கிறேன், கோட்டுக்கு மேலே இருந்ததையும் சேர்த்து.

நோட்டை அதிகாரியிடம் அனுப்பிவைத்தேன். பதில் இல்லை. ஞாபகப்படுத்திக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. வருடங்கள் போயின. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வேறு டீச்சர் போனார். நான் தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்பார்ப்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவதுபோல ஒவ்வொரு நாளையும் சாத்திக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் இளைஞர். பழைய பீரோவை ஒழிக்கும்போது என் நோட்டைக் கண்டெடுத்து உட்கார்ந்து படித்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், மேடைய ரிப்பேர் பண்ண செங்கல், மணல், சிமெண்ட் எல்லாம் சாங்ஷன் ஆகியிருக்கு. சாய்தளம் எஸ்டிமேட்டில் இல்ல. கட்டினா யாரும் இடிக்கப் போறதில்ல. எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவுன்னுதான் எனக்குத் தெரியல. வேலைக்கு ஆளும் இல்ல."

எனக்கும் தெரியாது என்றேன். சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"இது மூட்டக்காரங்களுக்குத் தெரியும்லா" என்றார்.

மார்க்கெட் விடுமுறை நாளன்று, கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் ஆறு பேரையும் ஒரு கொத்தனாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனோம். அவர்களில் மூத்தவர் முப்பது வருடமாகப் பலகையில் மூட்டை ஏற்றியவர். ஐந்து படிகளையும் ஏறி இறங்கிப் பார்த்தார். ஒரு கயிற்றை மேடையிலிருந்து தரைக்கு இழுத்துப் பிடித்து, தள்ளித் தள்ளி நின்று பார்த்தார்.

"மொதலாளி, நாலு பேரு தள்ளுனா பத்தடி போதும். டீச்சரம்மா அவங்களே கையால உருட்டி ஏறணுமா, இல்ல ஆள் தள்ளணுமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது.

"நானே ஏறணும்" என்றேன்.

"அப்போ முப்பதடிக்குக் குறையாது. நேரா போட எடமில்ல. அந்த மருத மரத்தச் சுத்தி வளைச்சுக் கொண்டு போவோம். திருப்பத்துல மூச்சு வாங்க ஒரு சமதளம் விடணும். எறங்கையில சக்கரம் ஓரத்துல நழுவாம இருக்க ரெண்டு ஓரமும் செங்கல் தூக்கி வைக்கணும்."

மூன்று விடுமுறை நாட்களில் கட்டி முடித்தார்கள். சுழல் கதவுக்குப் பக்கத்தில் வேலியை வெட்டி ஒரு அகலக் கதவும் போட்டார் அதிகாரி. சிமெண்ட் காய்ந்த பிறகு சோதித்துப் பார்க்கப் போனோம். ஆள் ஏறும் முன்னால் இரண்டு வெங்காய மூட்டையை நாற்காலியில் வைத்துத் தள்ளிப் பார்ப்போம் என்றார் மூத்தவர்.

"மூட்ட எதுக்கு? நான் ஒக்காருதேன்" என்றார் கணவர்.

என்னைத் தூக்கி மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட, விளையாட்டுக்குக்கூட. கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சக்கரத்தைப் பிடித்துக் கையால் உருட்டிக்கொண்டே ஏறினார். திருப்பத்தில் நின்றார். மறுபடி ஏறினார். மூட்டைக்காரர்கள், "விடாதீங்க மொதலாளி, விடாதீங்க" என்று சிரித்தபடி கூடவே நடந்தார்கள்.

மேடைக்குப் போய், நடுக்குழிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினார். அப்படியே இருந்தார். எனக்கு அவருடைய பின்தலை மட்டும் தெரிந்தது. வெகுநேரம் ஆகியும் திரும்பவில்லை. மூட்டைக்காரர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

பிறகு அங்கிருந்தே சொன்னார்: "ஏளா, இங்கன இருந்து பாத்தா செவருதான் தெரியுது."

"ஆமா" என்றேன்.

"அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

 அவர் ஒரு ஆளை அனுப்பி அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி, வேலை நன்றாக முடிந்த சந்தோஷத்தில் சிரித்தபடி வந்தார்.

"சார், கொஞ்சம் இதுல ஒக்காந்து பாருங்க."

"ஐயோ, எனக்கெதுக்கு அண்ணாச்சி."

"கொஞ்சம் ஒக்காருங்க சார்."

அதிகாரி உட்கார்ந்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. முதலில் அது உதட்டில் நின்றது, பிறகு அதுவும் போனது. கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். "நோட்டில் எழுதியிருந்துச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "படிச்சேன். ஆனா படிக்கலை."

மூன்று குழிகளின் சுவரிலும் ஒரு பகுதியை, நாலடி அகலத்துக்கு, முழங்கால் உயரம்வரை இடித்துவிட்டு நெருக்கமான கம்பி வலை போடுவது என்று அங்கேயே முடிவானது. காவல்காரருக்கு மட்டும் கவலை. "வலை ரெட்டையா இருக்கட்டும் சார். சின்னப் புள்ளைங்க வெரல நுழைக்கும்" என்றார். ரெட்டையாகவே போட்டார்கள்.

அன்று திரும்பும் வழியில் வேனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் முன்னால் இருந்தோம். ஆட்கள் பின்னால். அந்த லாரி வந்த இடத்தைத் தாண்டும்போது கணவர் வண்டியை ஓரம் கட்டினார். அணைக்கவில்லை.

"நான் இப்படி ஓரம் கட்டியிருக்கணும்" என்றார். "பாத்தேன். லாரி வருதத பாத்தேன். போயிரலாம்னு நெனச்சுட்டேன்."

ஏழெட்டு வருடமாக அந்த வார்த்தை அவர் வாயில் இருந்திருக்கிறது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. உங்க தப்பில்லை என்றோ, ஆமாம் உங்க தப்புதான் என்றோ. உள்ளே தேடிப் பார்த்தேன். டாக்டர் ஊக்கால் குத்தியபோது இருந்த மாதிரியே இருந்தது. குத்துவது தெரிகிறது, கண்ணால் பார்க்கிறேன், ஆனால் எதுவும் வந்து சேரவில்லை. பின்னால் மூட்டைக்காரர்கள், ஏன் வண்டி நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"சரி" என்றேன். "மழ வருது. ஆளுங்க நனைதாங்க. எடுங்க."

அவர் எடுத்தார். வீட்டுக்கு வந்து என்னை இறக்கிவிட்டபோது அவர் கையை ஒரு நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என்னால் முடிந்தது. அவருக்குப் புரிந்ததா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் பேச ஆரம்பித்தோம். காய் விலை, பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று. பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது. வீட்டில் சத்தம் இருந்தது.

கம்பி வலை போட்டு முடித்தது அடுத்த சீசன் தொடங்கியபோது. நானும் பிள்ளைகளோடு போனேன். அகலக் கதவு வழியாக உள்ளே போய், மருத மரத்தைச் சுற்றி நானே உருட்டி ஏறினேன். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன.

வலைக்கு முன்னால் ஏற்கெனவே கூட்டம். எல்லாம் நாலைந்து வயதுப் பிள்ளைகள். யாரும் தூக்காமல், தங்கள் காலில் நின்று, மூக்கை வலையில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்காகக் கட்டியதாக நினைத்தது அவர்களுக்குத்தான் முதலில் பயன்பட்டது. என் முறை வருவதற்காகக் காத்திருந்தேன். காவல்காரர் அவர்களை விலக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

என் முறை வந்தது. கண்ணாடி விரியன் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. அசையவில்லை. மூன்று வரிசை வட்டங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்பு, அதற்கு வெளியே மெல்லிய வெள்ளைக் கோடு. நான் பார்த்தேன். அது என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. பாம்புக்கு இமை கிடையாது, தூங்கினாலும் கண் திறந்துதான் இருக்கும்.

காவல்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "இப்போ சந்தோசமா டீச்சரம்மா?"

அவருக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"தெரியலை" என்றேன். "பார்க்க முடியுது."

அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். அப்போது சாய்தளத்தின் திருப்பத்தில் சக்கரச் சத்தம் கேட்டது. பால்பேரிங் வைத்துத் தட்டிய பலகை வண்டியில் ஒரு பெரியவரை உட்காரவைத்து, மருமகள் போல இருந்த ஒருத்தி கயிற்றால் இழுத்து வந்துகொண்டிருந்தாள். மலையாளம் கலந்த செங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. ஒரு கையால் தலையில் துண்டைப் பிடித்திருந்தார் அவர். "மெல்ல மோளே, மெல்ல" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டி அவர்களுக்கு இடம் விட்டேன். பிள்ளைகளை எண்ணிச் சேர்த்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனேன். அங்கே சாரை இரண்டு இருந்தன.